முன்கதவு திறந்திருந்த கார்

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. பேராக் மாநிலத்துக் கோப்பெங்கில் தமிழ்ப்பள்ளிக்கு எதிரே போட்டோஸ்டேட் கடை வைத்திருப்பவளுக்கு அந்தக் குணம் தானாக வந்துவிடும். அழிப்பான் வாங்க வருகிற பிள்ளை ஒரு கையால் காசை நீட்டும், மறு கையால் ஸ்டிக்கரைச் சுருட்டும். அப்பா எழுதிக் கொடுத்த கட்டுரையைப் பிள்ளைதான் எழுதியது என்று பெற்றோர் என்னிடம் வந்து சத்தியம் செய்வார்கள். நான் கேட்கவே இல்லையே, எதற்குச் சத்தியம்? அங்கேதான் எனக்குச் சந்தேகம் வரும்.

லூயிஸ் அண்ணன் மேல் எனக்கு இருந்த சந்தேகம் பல வருடத்துச் சந்தேகம்.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஈப்போவில் சிலிபின் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். மனைவி எல்ஸி வீட்டில் கேக் செய்து விற்கிறார். ஒரே மகள் ஜொகூரில். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அப்படிப்பட்டவர் விடிவதற்கு முன் ஈப்போவிலிருந்து கிளம்பி, கோப்பெங்கையும் தாண்டி, பதினோராங்கட்டைத் தோட்டத்துச் சனங்கள் இருக்கிற தாமான் குடியிருப்புக்குள் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது அங்கிருந்தவர்களை இந்தச் சின்ன வீடுகளுக்கு மாற்றினார்கள். லூயிஸ் அண்ணனுக்கு அங்கே சொந்தம் இல்லை, சாதி சனம் இல்லை. ஈப்போவில் ஓட்டுவதற்குப் பிள்ளைகளா இல்லை? எதற்கு இந்தக் குண்டும் குழியுமான ரோட்டுக்கு வருகிறார்?

ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் யாரையோ வைத்திருந்திருப்பார் என்று நினைத்தேன். வேனில் வேறு ஏதோ சாமான் கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். கடைக் கண்ணாடி வழியாகக் கவனித்துக்கொண்டே இருந்தேன். மற்ற வேன்காரர்கள் ஹாரனை அமுக்குவார்கள். இவர் இறங்கி வந்து ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் உள்ளே போய்த் தேடுவார். வேறு ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றும் சிக்காததே எனக்குப் பெரிய சந்தேகமாகப் போய்விட்டது.

அதற்கு ஏற்ற மாதிரி ஓர் ஆசிரியர் தினத்தில் ஒன்று நடந்தது. பெற்றோர் சங்கம் வேன் ஓட்டுநர்களுக்கு மாலை போட்டு மரியாதை செய்ய முடிவு செய்திருந்தது. தட்டில் மாலையைக் கொண்டு வருவதைப் பார்த்ததும் லூயிஸ் அண்ணன் விறுவிறுவென்று நடந்து வேனில் ஏறிப் போய்விட்டார். எல்லாரும் கூச்சம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் ஆட்களில் மாலைக்குக் கூச்சப்படுகிறவனை நான் இன்னும் பார்த்ததில்லை. மாலையைக் கண்டு ஓடுகிறவனிடம் ஏதோ ஒன்று இருக்கிறது.

இனி தலைவர் கட்டுரைக்கு வருகிறேன்.

வருடா வருடம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். என் கடைக் கணினியில் அதற்கென்றே ஐந்து தலைவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் மாறுவார்கள், தலைவர்கள் மாறுவதில்லை. இந்த வருடம் புதிதாக வந்த பவித்ரன் சார் அந்த ஐந்து பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேராக்கில் நம் மக்களுக்குப் பாடுபட்ட ஒருவராக இருக்க வேண்டும், முதல் பக்கத்தில் படம் இருக்க வேண்டும், நன்றாக இருக்கும் கட்டுரையைப் பள்ளிச் சபையில் வாசிக்கலாம் என்றார். பிள்ளைகள் எல்லாரும் இணையத்தில் தேடி ஒரே ஆளிடம் போய் நின்றார்கள். தோட்டத் தொழிலாளர் தலைவர் மாணிக்கராஜு. இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் வரலாற்றை ஒரு சங்கம் இணையத்தில் போட்டிருந்தது. நானும் அவரை ஆறாவது தலைவராகச் சேர்த்துக்கொண்டு அச்சடித்துத் தள்ளினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், லூயிஸ் அண்ணன் வேனில் வருகிற ஆறாம் ஆண்டுப் பிள்ளை தினேஸ்வரி வந்தாள். அம்மா கலாதேவியும் கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே வேலைச் சட்டையோடு கூட வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும். கலாதேவி சந்தேகத்தில் எனக்கு அக்கா முறை ஆக வேண்டியவள். மீன்காரனின் தராசைத் தூக்கி அடியில் பார்ப்பாள். தேர்தல் நேரத்தில் வீட்டுக்கு வந்து கும்பிடுகிறவர்களிடம், "எந்த ஊரு, யாரு அனுப்புனா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறப்பாள்.

"எந்தத் தலைவர்டி?" என்று கேட்டாள்.

"மாணிக்கராஜுமா. எல்லாரும் அவருதான்."

"எல்லாரும் எடுத்தா நீயும் எடுக்கணுமா? கொடுக்கா, பாப்போம்."

தாளை வாங்கி வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைக் கார் ஒன்றின் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். மூக்கு வரைக்கும் மாலை. தலை குனிந்திருக்கிறது, முகம் தெரியவில்லை. சுற்றிலும் கூட்டம், உறுமி மேளக்காரர்கள், பூத்தட்டோடு ஒரு சிறுமி. கீழே இப்படி எழுதியிருந்தது: 'பதினோராங்கட்டைத் தோட்ட மக்களின் குறைகளை நேரில் கேட்டறிந்த தலைவர், அங்குள்ள பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வேன் வசதி ஏற்பாடு செய்தார்.'

கலாதேவியின் விரல் அந்தச் சிறுமியின் மேல் நின்றது.

"இந்தப் புள்ள நான்தான்" என்றாள்.

நான் நம்பவில்லை. படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். பிறகு தினேஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன். அதே தாடை, அதே முறைப்பு. சந்தேகப்பட இடமே இல்லை.

தினேஸ்வரி குதித்தாள். "நெசமாவா மா? தலைவர் பக்கத்துலயா? அக்கா, இதையே முதல் பக்கத்துல போடுங்க. எங்கம்மான்னு எழுதுறேன். சார் என்னையத்தான் வாசிக்கச் சொல்வாரு!"

"இவரப் பத்தி எழுதக்கூடாது" என்றாள் கலாதேவி.

"ஏன்?"

"பொய் சொன்ன ஆளு."

பிறகு அவள் சொன்னாள். அந்தப் படம் எடுத்த வருடம் அவள் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும் தறுவாயில் இருந்தாள். தலைவர் வருகிறார் என்று கோயில் கமிட்டி, தொழிற்சங்கம், இளைஞர் மன்றம், தோட்டத்தின் இரண்டு டிவிசன் ஆட்கள் என்று தனித்தனியாக மாலை கட்டினார்கள். ஒருவர் மாலையை இன்னொருவர் போட முடியாது, சண்டை வந்துவிடும். தலைவருக்கு வெள்ளைக் கார் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள், ஆளை நேரில் பார்த்தவர் இல்லை. கார் வந்து நின்றதும் உறுமி அடிக்க ஆரம்பித்தது. ஆள் இறங்கியதும் ஐந்து மாலையும் கழுத்தில் விழுந்தன. பெண்கள் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் கோப்பெங் இடைநிலைப்பள்ளிக்குப் போக வண்டி இல்லை, பஸ் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது என்றார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வண்டி வரும் என்று சொன்னார்.

"ஜனவரில ஸ்கூல் தொறந்த அன்னைக்குப் புது உடுப்புப் போட்டுக்கிட்டுத் தோட்டத்து கேட்டுல நின்னோம். வண்டி வரல. மறுநாளும் நின்னோம். எங்கம்மா, தலைவரு வாயால சொன்னது, வரும்டின்னாங்க. மோட்டார் வச்சிருந்தவங்க ஆம்பளப் புள்ளைங்கள மட்டும் ஏத்திக்கிட்டுப் போனாங்க. என்னைய ஆயாக் கொட்டகைக்கு அனுப்பிட்டாங்க, கைப்புள்ள பாக்க. இப்ப இவரு வேன் விட்டாராம். எந்த வேன்? எனக்குக் காட்டுங்க!"

தினேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க யாரத்தான் நம்புனீங்க? மீன்காரன நம்ப மாட்டீங்க, டீச்சர நம்ப மாட்டீங்க. இதுல எழுதியிருக்குல்ல? நீங்க படிப்ப விட்டதுக்கு அவர் மேல ஏன் பழி போடுறீங்க?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தச் சொல் கலாதேவியை அடித்துப் போட்டுவிட்டது. பெற்ற பிள்ளையே நம்பவில்லை. அச்சடித்த தாளை நம்புகிறது. அந்தத் தாளை அடித்தது என் இயந்திரம்.

லூயிஸ் அண்ணன் அப்போது கடைக்குள்தான் இருந்தார். தினேஸ்வரியையும் மற்றப் பிள்ளைகளையும் ஏற்றுவதற்கு முன் வேனின் ரோட்டெக்ஸ் வரித் தாளை நகல் எடுக்க வந்தவர். எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று நான் பார்க்கவில்லை. கணினித் திரையில் அந்தப் படம் இன்னும் பெரிதாக இருந்தது.

"அத மூடுங்க குமுதா" என்றார்.

"ஏன்ணே?"

"சும்மாதான்லா. மூடுங்க."

ஒருவர் மூடு என்றால் நான் மூடுவேனா? இன்னும் பெரிதாக்கினேன். அந்த ஆளின் கையிடம் போனேன். கும்பிட்ட கை. விரல் இடுக்கில் ஏதோ தொங்கியது. கார் சாவி.

"தலைவரு எதுக்குச் சாவி வச்சிருக்காரு?" என்று நான்தான் கேட்டேன்.

கலாதேவி திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். மீன்காரனின் தராசைப் பார்க்கிற பார்வை. "பின்கதவு சாத்தியிருக்கு. தொறந்திருக்கிறது முன்கதவு. வலது பக்கம். டிரைவர் பக்கம்." அவள் நிமிர்ந்தாள். "அப்ப இந்த ஆளு யாரு?"

நான் லூயிஸ் அண்ணனைப் பார்த்தேன். மாலையைக் கண்டு ஓடிய அதே முகம்.

"நான்தான்மா" என்றார்.

கடையில் நகல் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"தலைவரு வரல. ஈப்போவுல ஒரு கல்யாணம், அங்க போயிட்டாரு. வரலன்னு சொல்லிட்டு வாடான்னு என்னைய அனுப்பினாரு. இறங்கி வாயத் தொறந்தேன், உறுமி அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் டிரைவர்னு கத்துறேன், ஒருத்தருக்கும் கேக்கல. மாலைக்கு மேல மாலை. அப்புறம் ஒரு பெரியவரு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. நீங்களாவது வந்தீங்களேன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல."

"வண்டி வரும்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன். தலைவர்கிட்ட சொன்னா செஞ்சிருவாருன்னு நெனச்சேன்மா. சாயங்காலம் போய் எல்லாத்தையும் சொன்னேன். அவரு சிரிச்சாரு. படம் மட்டும் பேப்பர்ல வந்துச்சு. அடுத்த வருசம் வேலைய விட்டுட்டேன். லூமுட்ல மீன் லோரி ஓட்டுனேன், ரொம்ப வருசம். சொந்தமா வேன் வாங்குனதும் இங்க வந்தேன்."

"வந்து?" கலாதேவியின் குரல் உயர்ந்தது. "பாவத்தக் கழுவுறீங்களா? இத்தன வருசம் தினமும் என் வீட்டு வாசல்ல நிக்கிறீங்க. ஒரு நாளாவது சொன்னீங்களா? நான் அந்த மனுசன இத்தன வருசமா சபிச்சிக்கிட்டு இருக்கேன்!"

அவர் தலை குனிந்து நின்றார். படத்தில் நின்ற அதே மாதிரி. எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, அறைய வேண்டும் என்றும் வந்தது. நல்லவர் மாதிரி வேஷம் போடுகிறாரோ என்ற பழைய சந்தேகமும் விடவில்லை. அதே சந்தேகம் கலாதேவிக்கும் இருந்திருக்கும். அவள் கேட்ட கேள்வி அப்படி.

"அந்த மாலைங்கள என்ன பண்ணீங்க? ஒண்ணு எங்கம்மா கட்டுனது. பால் வெட்டிட்டு வந்து, சோறுகூடத் திங்காம கட்டினாங்க."

பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கோயிலில் போட்டேன் என்றாவது சொல்வார். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவரைக் கடையை விட்டு வெளியேற்றியிருப்பேன்.

"தலைவர்கிட்ட நீட்டினேன். அவரு வாங்கல. கார்லயே கெடந்துச்சு. மறுநாள் கார் கழுவுறப்ப வாடிப் போயிருந்துச்சு. சீட்டெல்லாம் கறை. எடுத்துக் குப்பைல போட்டேன்மா."

கலாதேவி அவரை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முறைப்பு போயிருந்தது.

"சரி, நம்புறேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்து அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. தினேஸ்வரி அம்மாவின் வேலைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத வயது. மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"இப்ப நான் யாரப்பத்தி எழுதுறதுமா?"

"தலைவரப் பத்தியே எழுது. வரலன்னு எழுது. யாரு வந்தாங்கன்னும் எழுது."

"என் பேரு வேணாம்மா" என்றார் லூயிஸ் அண்ணன்.

"போடணும்ணே. இன்னமே ஆள் மாறக் கூடாது."

தினேஸ்வரி என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். நான் பக்கத்தில் நின்று தட்டச்சு செய்தேன். நான்தான் எதையும் நம்புகிறவள் இல்லையே, அதனால் ஒவ்வொரு வரியையும் அவர்கள் இருவரிடமும் கேட்டுக் கேட்டு அடித்தேன். முதல் வரி இப்படி இருந்தது: 'பதினோராங்கட்டைத் தோட்டத்துக்குத் தலைவர் வரவில்லை. அவருடைய கார் ஓட்டுநர் திரு. லூயிஸ் வந்தார்.' முதல் பக்கத்துக்குப் படம் வேண்டுமே. அதே படத்தைப் போட்டோம். மறுநாள் பவித்ரன் சார் மேசைக்கு அந்தப் படம் பல கட்டுரைகளில் போயிருக்கும். இருபத்தெட்டுப் பிள்ளைகள் ஒரு பேர் எழுதியிருப்பார்கள், ஒரு பிள்ளை வேறு பேர். சார் யாரைச் சந்தேகப்படுவார் என்று எனக்குத் தெரியும். ஆகட்டும், கேட்கட்டும். சாவியைக் காட்ட நான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போது வேன் வந்தது. முன் சீட்டில் கலாதேவி உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலைக்குப் போகிறவள் இங்கே என்ன செய்கிறாள்? தினேஸ்வரி கட்டுரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் பள்ளிக்குள் போனாள். அம்மா இறங்கவில்லை. பெரிய பிள்ளைகளோடு வேன் இடைநிலைப்பள்ளிப் பக்கம் திரும்பியது. கலாதேவி அந்தப் பக்கம் போகிறவளே இல்லை. பாசார் சந்தைக்குக்கூட மற்ற ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வருவாள். எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

மத்தியானம் லூயிஸ் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "என்னா நடந்துச்சு? சொல்லுங்க."

அவர் வேன் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

"கலாதேவி பழைய தோட்டத்து கேட்டுகிட்ட வந்து நின்னுச்சு. வேலைக்கு லீவு சொல்லிட்டேன், அங்க இருந்து ஏத்திக்கிட்டுப் போங்கண்ணேன்னுச்சு. எறங்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவத் தொறந்து விட்டேன். வழியில ஒண்ணும் பேசல. பெரிய ஸ்கூல் கேட்டுல நிறுத்துனேன். பிள்ளைங்க எறங்கிப் போறதப் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு குமுதா."

"என்னா?"

"இவ்ளோ பக்கமாண்ணே, அப்படின்னுச்சு."